ஊரார் புரோகிராமும் கம்பெனி யந்திரமும்

"கம்ப்யூட்டர் என்பது படித்த பிள்ளைகளின் விவகாரம்; பஞ்சாலையில் நூற்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் அதிலே என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பலபேர் கூடிச் செய்த கருவியை ஒருவன் பூட்டி வைத்துக்கொள்வதும், பூட்டுக்கு வெளியே ஊரார் வேறொன்றைச் செய்துகொள்வதும், அதையும் தேடிக்கொண்டு பழைய பூட்டுக்காரன் வந்து நிற்பதும் நமக்குத் தெரியாத கதையா? மெயின்பிரேம் என்கிற ராட்சதக் கம்ப்யூட்டரிலே இதே கதை நடந்திருக்கிறது. இன்னும் முடியவில்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மெயின்பிரேம் என்றால் என்ன? மேஜை மேல் வைக்கிற கம்ப்யூட்டர் அல்ல. ஒரே யந்திரத்தில், ஒரே சமயத்தில், ஆயிரக்கணக்கான பேருடைய கணக்குகளைப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டது. உலகத்தின் பெரிய வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் விமானக் கம்பெனிகளும் இன்றைக்கும் இதை நம்பியிருக்கின்றன. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1964 ஏப்ரல் 7-ந் தேதி அறிவித்த சிஸ்டம்-360 என்ற வரிசையின் வாரிசுகளே இன்றைய ஐ.பி.எம். மெயின்பிரேம்கள். அந்த வம்சத்து யந்திரம் ஒன்று 1970-களில் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருந்தது.

யந்திரம் தானாக ஓடாது. அதற்குக் கட்டளை வரிசை வேண்டும், அதுதான் புரோகிராம். ஜக்கார்டு தறி தெரிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைகிறோம். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறோம். அட்டை தறியை நடத்துகிறது. புரோகிராமிலும் அப்படியே. மனிதன் எழுதிப் படிக்கக்கூடிய வடிவம் ஒன்று. அதை மூலம் என்கிறார்கள். யந்திரத்துக்காகக் கட்டி எடுத்த வடிவம் இன்னொன்று. அட்டை மட்டும் கையிலிருந்தால் சேலை நெய்யலாம். பூவை மாற்ற வேண்டுமானால் கட்டத்தாள் வேண்டும். மூலத்தை எல்லோருக்கும் காட்டி, திருத்தவும் பங்கிடவும் அனுமதி கொடுத்துவிடுகிற புரோகிராமுக்கு 'ஓப்பன் சோர்ஸ்' என்று பெயர்.

ஆரம்பத்தில் மெயின்பிரேம் உலகமே ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. 1955-ல் ஐ.பி.எம். 704 யந்திரத்தை வைத்திருந்தவர்கள் 'ஷேர்' என்று ஒரு சங்கம் அமைத்து, ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவருக்குக் கொடுத்து உதவிக்கொண்டார்கள். கம்பெனியும் யந்திரத்தோடு மூலத்தைக் கொடுத்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு ஐ.பி.எம். மேல் ஏகபோக வழக்குப் போட்டது. அதே வருஷம் ஜூனில், புரோகிராமுக்கு இனித் தனி விலை என்று கம்பெனி அறிவித்தது. 1983-ல் இன்னும் ஒரு படி போய், இனி மூலம் கிடையாது, கட்டி முடித்த வடிவம் மட்டுமே தருவோம் என்றது. அத்தனை வருஷமாகக் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தித் தந்தவர்களில் வாடிக்கைக்காரர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஆட்சேபித்தார்கள். கம்பெனி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது ஒரு புறமிருக்க, ஜெனீவாவின் அருகிலுள்ள செர்ன் விஞ்ஞானக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் வலை என்ற ஏற்பாட்டை உண்டாக்கினார். எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் உள்ள தாளை வேறெங்கோ இருப்பவர் கேட்டு வாங்கிப் படிக்கிற ஏற்பாடு அது. கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் புரோகிராம்தான் வெப் சர்வர். ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வெப் சர்வர் 1991 டிசம்பரில், கலிபோர்னியாவிலுள்ள ஸ்லாக் விஞ்ஞானக் கூடத்தில் ஓடத் தொடங்கியது. எதிலே ஓடியது தெரியுமா? ஓர் ஐ.பி.எம். மெயின்பிரேமில்! விஞ்ஞானக் கட்டுரைகளின் பட்டியல் அந்த யந்திரத்தில்தான் இருந்தது. பால் குன்ஸ் என்ற விஞ்ஞானி செர்னுக்குப் போய்ப் பார்த்து வந்து சொன்னார்; நூலகத்தில் வேலை பார்த்த லூயிஸ் ஆடிஸ் என்ற அம்மையார் விடாமல் நின்று காரியத்தை நடத்திவைத்தார். மெயின்பிரேம் கிழடு, வலை குமரி, இரண்டுக்கும் பொருந்தாது என்று பின்னால் பேசியவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் தன் வலைப் புரோகிராம்களைப் பொதுச் சொத்தாக்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மக்கூல் எழுதிய ஒரு சர்வர் அப்போது பலராலும் உபயோகிக்கப்பட்டது. அவர் 1994-ல் அங்கிருந்து போய்விடவே, அது கவனிப்பாரில்லாமல் கிடந்தது. உபயோகித்தவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டுச் சமாளித்தார்கள். 1995-ன் தொடக்கத்தில் பிரையன் பெஹ்லன்டார்ப் முதலான எட்டுப்பேர் அந்த ஒட்டுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். பிறந்தது அப்பாச்சி. ஒரே வருஷத்தில், 1996 ஏப்ரலில், வலையிலே மிக அதிகமான இடங்களில் ஓடும் சர்வராக அது ஆகிவிட்டது. முதலாளி இல்லாமல், விலை இல்லாமல்!

சரி, அதை மெயின்பிரேமில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் வில்லங்கம்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு டோக்கன் நம்பர். உலகத்தின் பெரும்பாலான யந்திரங்களில் ஆஸ்கி என்ற மஸ்டர் ரோல். அதிலே ஆங்கில 'ஏ' என்ற எழுத்துக்கு நம்பர் 65. ஐ.பி.எம். மெயின்பிரேமில் எப்சிடிக் என்ற வேறு மஸ்டர் ரோல். அதிலே அதே எழுத்துக்கு 193. அங்கே 65-ம் நம்பரில் எழுத்தே கிடையாது. இரண்டு மில்லின் ஆட்களை ஒரே கேட்டில் விட்டு, டைம் ஆபீஸில் ஒரு மில்லின் புத்தகத்தை மட்டும் வைத்திருந்தால் என்ன குழப்பம் வருமோ அதுதான் வரும்.

ஏன் இப்படி வேறு நம்பர்? துளை அட்டைதான் காரணம். ஹாலரித் என்பவர் 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குக்குத் துளை அட்டையைப் பிரயோகித்தார். அவர் ஆரம்பித்த கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. அட்டையில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் வரிசைகள். எழுத்துக்கு மேலே இன்னொரு துளை. ஒரு மேல்துளைக்கு ஒன்பது எழுத்துதான் அடங்கும். ஆகவே 'ஏ' முதல் 'ஐ' வரை ஒரு கூட்டம், 193 முதல் 201 வரை. அடுத்த எழுத்தான 'ஜே' 202 அல்ல, 209! நடுவிலே ஏழு இடம் காலி. "ஏ-யிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் போனால் அடுத்த எழுத்து வரும்" என்று நம்பி எழுதிய புரோகிராம் அந்தப் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொள்ளும். தறிக்காரனின் அட்டை, சென்சஸ்காரனின் அட்டையாகி, வங்கிக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இன்னும் இருக்கிறது.

கட்டுகிற வேலையின் முதல் படியே விசித்திரம். புரோகிராம் மூட்டை ஆஸ்கியில் வந்து இறங்குகிறது. அதைக் கட்டுவதற்கான குறிப்பும் மூட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் யந்திரத்தால் அந்தக் குறிப்பைப் படிக்க முடியாது! முதலில் எழுத்துத் தாள்களையெல்லாம் நம்பர் மாற்றி இறக்க வேண்டும். படங்களை மட்டும் தொடக்கூடாது, தொட்டால் நாசம். பிற்காலத்தில் ஒவ்வொரு தாளின் மேலும், "இது இந்த மஸ்டர் ரோல்" என்று, பஞ்சு பேலுக்கு ஒட்டுகிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டும் வசதி வந்தது. சீட்டு தவறினால் மறுபடியும் பழைய கூத்து. வரி முடிவுக்குக்கூட வேறு நம்பர்: வலையின் விதிப்படி 13-ம் 10-ம் சேர்ந்து வரவேண்டும், மெயின்பிரேமில் அந்த வேலைக்கு 21.

இந்தச் சிக்கலை அப்பாச்சியில் முதலில் தீர்த்தவர் ஐ.பி.எம். ஆள் அல்ல. ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனியும் எப்சிடிக் மெயின்பிரேம் செய்து வந்தது. பிஎஸ்2000 என்று அதன் மேலாண்மைப் புரோகிராமுக்குப் பெயர். அங்கே வேலை பார்த்த ஒரு பொறியியலாளர் அப்பாச்சியை அதிலே பொருத்தினார். 1998 ஜூனில் வந்த அப்பாச்சி 1.3-ல் அது சேர்ந்தது. அவர் எப்படிச் செய்தார் என்பதைக் கவனியுங்கள். அப்பாச்சிக்குள் வருவதும் போவதும் எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான். அந்த வாசலில் ஒரு மொழிபெயர்ப்பாளனை நிறுத்தி, கையில் ஒரு கொடியைக் கொடுத்தார். வெளியிலிருந்து கேள்வி வரும்போது கொடி ஏறும், மொழிபெயர்ப்பு நடக்கும். பதிலின் தலைப்பு போகும்போதும் அப்படியே. பதிலின் உடல் எழுத்தாக இருந்தால் கொடி ஏறும். படமாக இருந்தால் இறங்கிவிடும், படம் பழுதில்லாமல் போகும். ஆயிரம் இடத்தில் ஒட்டுப் போடுவதற்குப் பதிலாக ஒரு வாசலில் காவல்!

இன்னொன்றும் அவர்கள் நிரூபிக்க விரும்பினார்கள். அதுவரை அந்த யந்திரத்தில் இருந்த செர்ன் சர்வர், ஒவ்வொரு கேள்வி வந்ததும் புதிதாக ஒரு வேலையாளைச் சிருஷ்டித்து, பதில் போனதும் அவனைக் கலைத்துவிடும். கேட்டில் நின்று அன்றாடம் பதிலிகளைப் பொறுக்கி எடுக்கிற முறை. அப்பாச்சியோ முன்கூட்டியே ஆட்களை வேலையில் அமர்த்தி, தயாராக நிறுத்தி வைக்கிறது. இந்த யந்திரத்தில் அது ஐந்து மடங்குக்கு மேல் வேகம் தரும் என்று காட்டுவதும் அந்த முயற்சியின் நோக்கங்களில் ஒன்று. நிரந்தர ஆளை வைத்தால் உற்பத்தி கூடும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. நம் மில் முதலாளிகளுக்குத்தான் எட்டவில்லை.

சீமென்ஸ் ஆள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்தான். அதிலே குற்றமில்லை. அவர் செய்த திருத்தம் கம்பெனியின் பெட்டிக்குள் போகாமல் பொதுப் புரோகிராமுக்குள் திரும்பி வந்தது என்பதுதான் விஷயம்.

அதே 1998 ஜூனில் ஐ.பி.எம்.மும் அப்பாச்சியை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. மூலத்தைப் பூட்டிய கம்பெனி, பூட்டாத சரக்கைத் தேடி வந்தது! மெயின்பிரேமில் தன் பழைய சர்வரைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அங்கேயும் அப்பாச்சியின் மேல் கட்டியதையே தருகிறது. லினக்ஸ் என்ற பொதுப் புரோகிராமை மெயின்பிரேமில் ஓட்டத் தொண்டர்கள் தாங்களாகவே முயன்றுகொண்டிருந்தபோது, 1999 டிசம்பரில் ஐ.பி.எம். தன் திருத்தங்களை வெளியிட்டது. லினக்ஸ் ஆஸ்கி மஸ்டர் ரோலையே வைத்துக்கொள்வதால் அதன் மேல் அப்பாச்சியைக் கட்டுவது சுலபம். ஆனாலும் பழைய புத்தி சுலபத்தில் போகுமா? வெளி உலகத்தோடு பேசுவதற்கான நெட்வொர்க் கார்டை நடத்தும் பகுதியை மட்டும் மூலமில்லாமல் கட்டிய வடிவில் கொடுத்தார்கள். வீட்டைக் கொடுத்துவிட்டு வாசல் சாவியை மடியில் வைத்துக்கொண்டார்கள். பின்னால்தான் அதுவும் திறக்கப்பட்டது.

இதை முழு வெற்றி என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பாச்சியின் அனுமதிச் சீட்டு மிகவும் தாராளம்: யாரும் எடுக்கலாம், விற்கலாம், தன் திருத்தத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. லினக்ஸின் சீட்டு அப்படியல்ல. திருத்திப் பிறருக்கு வழங்கினால் மூலமும் தரவேண்டும். கண்மாயில் தண்ணீர் எடுக்கிற ஒவ்வொரு வீடும் குடிமராமத்துக்கு ஆள் அனுப்பவேண்டும் என்பதற்கும், "மனமிருந்தால் அனுப்பு" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நூறு ஏக்கர்க்காரன் ஆள் அனுப்பாவிட்டால் கண்மாய் என்ன ஆகும்?

"கரை தானாக உடைந்துவிடாது, ஒருமுறை பொருத்தியாயிற்று அல்லவா?" என்கிறார்கள். பேர்ல் என்ற இன்னொரு பொதுப் புரோகிராமைப் பாருங்கள். எப்சிடிக் மெயின்பிரேமில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆதரவை நிறுத்திவிட்டோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. புதிதாக எழுதிச் சேர்க்கிறவர்கள் கையில் மெயின்பிரேம் இல்லை. சோதித்துப் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, கடைசியில் கட்டவே முடியாத நிலை வந்தது. 2015-ல் 5.22 பதிப்பில்தான் மறுபடி எழுப்பி உட்கார வைத்தார்கள்.

ஆகவே யந்திரம் கைக்கு எட்டவேண்டும். மெயின்பிரேம் லினக்ஸில் கட்டிப் பார்க்க விரும்பும் ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு ஐ.பி.எம். இலவசமாக இடம் கொடுக்கிறது; நல்லது, அதை ஒப்புக்கொள்வோம். எப்சிடிக் ஆட்சி செய்யும் இசட்-ஓ.எஸ். விஷயம் வேறு. மெயின்பிரேமைப் போல நடித்துக் காட்டும் ஹெர்குலிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் 1999-லிருந்து இருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஆனால் இசட்-ஓ.எஸ்.ஸை அதன் மேல் ஓட்ட ஐ.பி.எம். அனுமதிப்பதில்லை. 2010-ல் இந்த விவகாரம் ஐரோப்பியக் கமிஷன் வரை புகாராகப் போய், பின்னால் வாபஸாயிற்று.

பொதுப் புரோகிராமை வைத்து யந்திரம் விற்கிற கம்பெனி எதுவானாலும் அதனிடம் கேட்க வேண்டியது இரண்டு. எழுதுகிற திருத்தங்களை மூலத்தோடு திருப்பிக் கொடு. அந்தத் திருத்தங்களைச் சோதிக்க விரும்பும் எவருக்கும் இசட்-ஓ.எஸ்.ஸில் இடம் கொடு, அல்லது ஹெர்குலிஸில் ஓட்ட அனுமதி கொடு. தர்மமாகக் கேட்பதில் பயனில்லை. மெயின்பிரேம் வாங்குகிறவர்களில் அரசாங்கங்களும் பொதுத்துறை ஸ்தாபனங்களும் உண்டு. ஜனங்களின் வரிப்பணம் அது. கொள்முதல் ஒப்பந்தத்தில் விலைக்கு அடுத்த வரியில் இந்த இரண்டு ஷரத்துகளையும் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும்.