ரேம்: வேகமா, அளவா?

இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அந்தக் காலத்துக் கணினிகளில் சில இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அண்ணனுக்குக் கிடைத்தது இப்போது தங்கையின் படிப்புக்கு. "ரொம்ப ஸ்லோ. வேகமான ரேம் போடலாமா, இல்ல 2 ஜிபியை 4 ஆக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் அளவு. வேகம் அப்புறம்தான்.

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கிருஷ்ணா நீர் நம் ஊர் ஜீரோ பாயின்ட் வழியாகத்தானே பூண்டிக்குப் போகிறது? கண்டலேறு அணையின் கொள்ளளவு 68 டிஎம்சி. பூண்டிக்கு 3.231 டிஎம்சிதான். ஹார்ட் டிஸ்க் கண்டலேறு என்றால் ரேம்தான் பூண்டி. பூண்டியில் தண்ணீர் இருந்தால் மதகைத் திறந்ததும் வந்துவிடும். இல்லையென்றால் ஆந்திராவில் 152 கிலோமீட்டர் கால்வாயைக் கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் பூண்டி மதகை அகலமாக்கி என்ன பயன்?

கணினியிலும் இதே கதைதான். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ செகண்ட் ஆகும். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி செகண்ட். அதாவது லட்சம் மடங்கு தாமதம்! டிடிஆர்3 1333-ஐ 1600 ஆக்கினால் காகிதக் கணக்கில் கிடைப்பது 20 சதவீதம். அதுவும் மதர்போர்டு 1600-ஐ ஏற்றால்தான். பழைய 1333-ஐயும் கூடவே வைத்திருந்தால் இரண்டும் 1333-இல்தான் ஓடும்.

அதற்காக அளவை ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பாதி ரேம் சும்மா கிடந்தால் இன்னும் வாங்குவது வீண். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலனில்லை. அளவு போதுமாக இருந்து, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் விளையாடுபவர்களுக்கு வேகம் உதவும். அப்போதும் ஒரே பெரிய ரேமுக்குப் பதில் ஒரே மாதிரி இரண்டாகப் போடுவது நல்லது.

2025 இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதைப் பார்த்தோம். ஒரே ஒரு முறைதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.