எந்தப் புற்று என்று கேளுங்கள்

வயிற்றில் புற்று என்று மருத்துவர் கூறியதும், "இன்னும் எத்தனை மாதம்?" என்றே வீட்டார் வினவுகின்றனர். அன்பு வாசகர்களே, அதற்குமுன் வினவ வேண்டியது, "எந்தப் புற்று?" என்பதாகும்.

இரைப்பைப் புற்றுகளில் பெரும்பாலானவை உட்சுவரின் சுரப்பிகளில் எழுபவை. நோயை எதிர்க்கும் நிணநீர் உயிரணுக்களிலிருந்து பிறக்கும் இனமும் ஒன்றுண்டு. அதனை லிம்போமா என்பர். இவ்வினம் நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே தோன்றுமிடங்களில் செரிமானப் பாதையே முதன்மையானது. அதிலும் இரைப்பையே மிகுதி. வயிற்றெரிவு, பசியின்மை, உடல் மெலிவு என அறிகுறிகள் சாதாரணப் புண்ணை ஒத்திருப்பதால், வெறும் மாத்திரைகளிலேயே பல மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு.

நலமான இரைப்பையில் நிணநீர்த் திசு அநேகமாக இல்லை. ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி வந்து தங்கிய பின்னரே, அதனை எதிர்க்க இவ்வுயிரணுக்கள் அங்குக் கூடுகின்றன. காவலுக்கு வந்த கூட்டத்திலிருந்தே சில வரம்பு மீறிப் பெருகுகின்றன. மெதுவாக வளரும் இவ்வகையை, 'மால்ட்' லிம்போமா என இன்று வழங்கப்படுவதை, ஐசக்சன், ரைட் என்னும் இரு அறிஞர்கள் 1983-இல் விவரித்தனர். 1991-இல் ஆராயப்பட்ட இத்தகைய நோயாளிகளில் நூற்றுக்கு 92 பேரிடம் அக்கிருமி காணப்பட்டது. 1993-இல் வெளிவந்த செய்தியோ மருத்துவ உலகையே வியப்பிலாழ்த்தியது: கிருமியைக் கொல்லும் மருந்துகளை மட்டும் கொடுத்ததில், ஆறு நோயாளிகளுள் ஐவரின் புற்று மறைந்தது! கத்தியுமில்லை, கதிருமில்லை.

எனினும் எல்லோர்க்கும் இது பலிப்பதில்லை. இரைப்பைச் சுவரை ஆழ ஊடுருவியிருந்தாலும், அருகிலுள்ள கணுக்களுக்குப் பரவியிருந்தாலும், உயிரணுவின் 11, 18 ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டியிருந்தாலும் பலன் குறைவு. பலித்தாலும் கட்டி கரைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆதலால் எண்டாஸ்கோப் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்ளச் சலிப்படையலாகாது. அமிலத்தை அடக்கும் சில மாத்திரைகளை உட்கொண்டிருப்பின், கிருமி சோதனைக்கு அகப்படாது தப்பிவிடும். இதனை மருத்துவரிடம் முன்னரே கூறிவிடுக.

பெரிய உயிரணு வகை விரைந்து வளர்வது. இதற்கு ஊசிமருந்துச் சிகிச்சையே முதன்மை. முன்போல் இரைப்பையை அகற்றுவது இன்று அரிது. விந்தை என்னவெனில், உடலெங்கும் பரவிய மந்த வகையைவிட இவ்வேக வகையே முற்றிலும் குணமாகும் வாய்ப்புடையது. அவ்வாய்ப்பை அளக்க 1993-இல் வகுத்த குறியீட்டில் ஐந்து காரணங்கள் அடங்கும். வயது அறுபதைக் கடந்தமை, நோயின் பரவல், இரத்தத்தில் எல்.டி.எச். மிகுதல், கணுக்களுக்கு வெளியே பல உறுப்புகள் பாதிக்கப்படல் ஆகியவற்றோடு, நோயாளி தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் வலிமையும் அதில் இடம்பெறுகிறது.

சிறுகுடலில் வருவது பொதுவாகக் கடினமானது. அடைப்போ துளையோ ஏற்பட்டு, அவசர அறுவைக்குப் பின்னரே நோயின் பெயர் தெரிய வருவதும் உண்டு. 'டி' உயிரணு வகையாயின் நிலைமை மேலும் மோசமே.

இத்தனையும் ஒரு சிறு திசுத்துண்டைக் கொண்டே முடிவாகிறது. ஆகவே பரிசோதனை அறிக்கையோடு, அத்துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அங்கு முதலில் கேட்கப்படுவன அவையே.