வராத நாளில் சொன்னது

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் சாலையை ஒட்டி ஒரு ரீசார்ஜ் கடை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குமேல் அதன் படியில் நான்கைந்து பையன்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் அங்கே நின்றபடி ஒரு பையன் கேம் திறப்பதைப் பார்த்தேன். லோடிங் முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி வந்தது. மூடினான். இன்னொன்று வந்தது. அதையும் மூடினான். ஐந்து பெட்டிகளை மூடி முடிக்க ஆறு விநாடிகூட ஆகவில்லை. நான்கு பெட்டிகள் விற்பனைக்கானவை. நடுவில் இருந்த ஒன்றில் மட்டும், ஒரு துப்பாக்கியின் சேத அளவைக் குறைத்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"என்ன தம்பி போட்டிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெர்லண்ணா. எப்பவும் எதனா வந்துனே இருக்கும்."

டீ குடித்துவிட்டு நான் கிளம்பும்போது அதே பையன் பக்கத்தில் இருந்தவனிடம் கத்திக்கொண்டிருந்தான்: "டேய், கன்ன நெர்ஃப் பண்ட்டானுங்கடா, சொல்லவே இல்ல!"

அந்த கேமைச் செய்தவர்களைக் கேட்டால் சொன்னோம் என்பார்கள், அதுவும் பொய் இல்லை. ஆனால் பையனுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. கேம் செய்யும் நம் தொழிலில் கலை, ஒலி, சர்வர், கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருக்கிறோம். பெரிய மாற்றம் ஒன்றை ஆட்டக்காரரிடம் கொண்டுசேர்க்கும் வேலையை மட்டும் ரிலீசுக்கு முந்தின இரவு யார் விழித்திருக்கிறாரோ அவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு நடத்திவந்தோம். தினம் ஒரு புதிர். விடாமல் ஆடினால் தொடர்நாள் எண் கூடிக்கொண்டே போகும். வாரத்துக்கு இரண்டு நாள் விட்டாலும் எண் அறுந்துபோகாது. அந்தச் சலுகையை எடுத்துவிட முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமை மாலை பாப்-அப் போட்டோம், ஞாயிறு முதல் புது விதி. திங்கள்கிழமை காலை காரைக்காலில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்தார். அவருடைய எண் 214. மகளின் பிரசவத்துக்காக சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இரண்டு நாள் விட்டால் பாதகமில்லை என்று நம்பியே போனைத் தொடவில்லை. திங்கள் காலை திறந்தால் பூஜ்யம்.

மூன்று நாளாக அறிவிப்பு போட்டிருந்தோமே அம்மா என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான் வராத நாள்ல சொல்லியிருக்கீங்க, தம்பி" என்றார்.

பழைய எண்ணைத் திருப்பிப் போட்டுக்கொடுத்தோம். டேட்டாபேஸில் ஒரு வரி வேலை. ஆனால் அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. நாம் நாள்களை எண்ணுவது அறிவிப்பு போட்ட நாளிலிருந்து. ஆட்டக்காரரோ கேமைத் திறந்த நாளிலிருந்து எண்ணுகிறார். இந்த இதழின் ஆசிரியராக நான் வைக்கும் கோரிக்கை இந்த ஒன்றுதான்: அவகாசத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடவிடுங்கள். அறிவிப்பை அவர் முதலில் கண்ட நாளைச் சேமித்துவைக்க டேட்டாபேஸில் ஒரே ஒரு கட்டம் போதும். கேமின் பழைய நாணயம் முப்பது நாள் செல்லும் என்றால், அந்த முப்பது நாள் அவர் அடுத்து உள்ளே வரும்போது தொடங்கட்டும். துப்பாக்கியின் வலிமையை இப்படி ஆளுக்கொரு தேதியில் மாற்ற முடியாதுதான், அது எல்லோருக்கும் ஒரே நாளில் மாறியாக வேண்டும். ஆனால் நாணயம், ரேங்க், வாங்கிய பொருள், கணக்கு மாற்றம் எல்லாவற்றிலும் இது முடியும். இழப்பு உண்டாவதும் பெரும்பாலும் இவற்றில்தான்.

இந்திய ஆட்டக்காரர்கள் இந்த இழப்பைப் பெரிய அளவில் பார்த்தவர்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. போனில் ஏற்கெனவே கேம் இருந்தவர்கள் அதற்குப் பிறகும் ஏறத்தாழ எட்டு வாரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 29 அன்று ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு வந்தது, மறுநாளே சர்வர் நின்றது. தடை அரசின் முடிவு, அதில் நிறுவனத்தின் கையில் எதுவும் இல்லை என்பது சரி. ஆனாலும் அந்த எட்டு வாரமும் கேம் திறந்தேதான் இருந்தது. உங்கள் கணக்கு எதனோடு இணைந்திருக்கிறது, கெஸ்ட்டாக ஆடுகிறவர் இப்போதே என்ன செய்துகொள்ள வேண்டும் என்று அதற்குள்ளேயே சொல்ல இடம் இருந்தது.

2021 ஜூலை 2 அன்று கிராஃப்டன் நிறுவனம் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயை வெளியிட்டது. பழைய ஸ்கின்களைப் புதிய கேமுக்குக் கொண்டுவரலாம் என்றது. அதற்குக் கடைசி நாள் 2021 டிசம்பர் 31. ஆறு மாதம் தாராளமான அவகாசம்தான். ஆனால் யாருக்கு? அன்றாடம் ஆடுகிறவருக்கு. இடையில் போன் விற்றவர், தேர்வுக்காக விட்டவர், ஊரடங்கில் வேலை போய் நெட் பேக் போடாமல் இருந்தவர் 2022 தையில் திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. 2022 ஜூலை 28 அன்று அதே பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல்போனது, முன்கூட்டி ஆட்டக்காரருக்கு ஒரு சொல் இல்லை. 2023 மே மாதம் திரும்பியபோது 18 வயதுக்குக் கீழே நாளுக்கு மூன்று மணி நேரம், மற்றவருக்கு ஆறு மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. அந்த வரம்பை ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் பலர் அறிந்திருப்பார்கள்.

ஆறு மாத அவகாசம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு வேறொரு ஞாபகமும் வரும். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர் இந்தியக் குடிமகன். எது நல்லது என்பதல்ல என் பேச்சு. எங்கள் பக்கத்து வீடுகளில், "தாத்தாவுக்கு அப்ப யாராவது சொல்லியிருந்தா யோசிச்சிருப்பாரு" என்ற பேச்சை இன்றைக்கும் கேட்கலாம். தேர்ந்தெடுத்தவருக்கு அது முடிவு. சேதி எட்டாதவருக்கு அது முடிவே இல்லை, தானாக நடந்துவிட்ட ஒன்று. பதில் சொல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதைக் கடைசி வரியில் சிறிய எழுத்தில் வைக்காதீர்கள். அங்கிருந்தே வடிவமைக்கத் தொடங்குங்கள். பேசாமல் இருப்பவரின் பொருள் அழியக்கூடாது. அதற்கு ஈடான புதுப்பொருளாக மாறி அவர் வரும்வரை காத்திருக்கட்டும்.

அறிவிப்பு கிடைக்கும் பக்கத்தில் நாமும் ஒருமுறை நின்றிருக்கிறோம். 2023 செப்டம்பர் 12 அன்று கேம் என்ஜின் தரும் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வருமானத்தையும் இன்ஸ்டால் எண்ணிக்கையையும் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம், 2024 ஜனவரி 1 முதல், என்று அறிவித்தது. மூன்றரை மாத அவகாசம் இருந்தது. என்றாலும் உலகமெங்கும் கேம் செய்கிறவர்கள் கொதித்தார்கள். ஏற்கெனவே வெளியிட்ட கேமுக்கும் உண்டா, ஒருவர் அழித்துவிட்டு மறுபடி போட்டால் இரண்டு முறையா, யார் எப்படி எண்ணுவது என்ற கேள்விகளுக்கு முதல் நாளில் ஒரு பதிலும் மறுநாள் வேறு பதிலும் வந்தன. பத்தே நாளில் விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த மாதம் தலைமை அதிகாரி விலகினார். ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 12 அன்று, கேம்களுக்கான அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். நம் ஆத்திரம் தொகையைப் பற்றி மட்டுமா? பழைய விதியை நம்பி ஐந்து ஆண்டு உழைத்துச் செய்த பொருளுக்குப் புது விதி வந்ததே என்பதுதான் நம்மைச் சுட்டது. 214 நாள் ஆடிய ஆசிரியையின் நிலையில் நாம் அன்று நின்றோம்.

இனி, எங்கே சொல்வது. ஆண்ட்ராய்டு 13 முதல், நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஆட்டக்காரரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்க வேண்டும். தினமும் மூன்று வேளை 'வாங்க, இலவசப் பெட்டி காத்திருக்கு' என்று அனுப்பியவர்களுக்கு அந்த அனுமதி நிலைக்காது. அவசரச் சேதி வரும்போது வழி அடைந்திருக்கும். பிளே ஸ்டோரில் 'புதிதாக என்ன' பகுதிக்கு 500 குறிகள்தான் இடம். 'அறிவிப்பு' என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஒன்பது குறி. ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கினால் இடம் போதாமல் போகலாம். தமிழுக்கென்று தனியாக, சுருக்கமாக எழுத வேண்டும். கேமுக்குள் வரும் சிவப்புப் புள்ளியும் அப்படித்தான்: கடைக்கும் அதே சிவப்பு, விதி மாற்றத்துக்கும் அதே சிவப்பு என்றால் ரீசார்ஜ் கடைப் பையன் செய்ததைத்தான் எல்லோரும் செய்வார்கள். விதி மாற்றத்துக்கென்று ஒரு நிறம், ஒரு இடம் ஒதுக்குங்கள். விற்பனையை அந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள்.

எப்படிச் சொல்வது என்பதில் நம் பழக்கம் இன்னும் மோசம். 'ஆட்ட அனுபவத்தை மேம்படுத்தும் நோக்கில் சில மாற்றங்கள் மேற்கொள்ளப்பட்டுள்ளன' என்பது போன்ற வாக்கியத்தில் செய்தவரும் இல்லை, செய்ததும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'உங்களிடம் 3,200 பழைய நாணயம் இருக்கிறது. மார்ச் 31 இரவு 12 மணி வரை கடையில் செலவழிக்கலாம். மீதி இருந்தால் ஏப்ரல் 1 அன்று நாங்களே புது நாணயமாக மாற்றிவிடுவோம். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் ஒன்றும் போகாது.' சொந்த எண்ணைக் கண்டால் யாருடைய விரலும் மூடும் குறியின்மேல் நின்று யோசிக்கும். நேரத்தையும் இந்திய நேரத்தில் போடுங்கள். யூடிசி கணக்கில் நள்ளிரவு என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. நள்ளிரவு வரை நேரம் உண்டு என்று நினைப்பவருக்கும், ஐந்தரை வரை உண்டு என்று அறிந்தவருக்கும் இடையே எத்தனை சண்டை நடந்திருக்கிறது.

மொழி பற்றிச் சட்டமே இப்போது பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தரவுக்குப் பொருந்துவது விதி மாற்றத்துக்கு ஏன் பொருந்தாது? புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சிதறிக்கிடக்கும் இந்தச் சின்ன யூனியன் பிரதேசம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் தன் மக்களோடு பேசுகிறது. கோடிக்கணக்கில் டவுன்லோடு ஆன கேமால் முடியாதா?

இடத்தைப் பொறுத்து விதி மாறும்போது இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. காசு வைத்து ஆடும் கேம்களுக்குத் தமிழ்நாடு 2025இல் விதிமுறை கொண்டுவந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடிவிட்டால் அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை எச்சரிக்கை வர வேண்டும் என்றது அது. தவளக்குப்பத்தில் பஸ் ஏறினால் கடலூர் போய்ச்சேர அதிக நேரம் ஆகாது. வழியில் மாநிலம் மாறிவிடும். புதுச்சேரி மாவட்டத்தின் நிலப்பரப்பே துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடப்பதுதான். இப்படிப்பட்ட ஊரில் 'சேவை கிடைக்கவில்லை' என்று மட்டும் காட்டினால் ஆட்டக்காரர் நெட்டைத் திட்டுவார். எந்த மாநில விதி, எத்தனை மணி வரை, வைத்த காசு என்ன ஆகும் என்று மூன்று வரி போட்டால் புரிந்துகொள்வார். பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு கேம்களையே நாடு முழுக்கத் தடைசெய்தபோது, 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. அந்த நெருக்கடியிலும் ட்ரீம்11 போன்ற பெரிய நிறுவனங்கள் உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்பதை முதலில் சொன்னன. சேதியின் வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

முன்கூட்டிச் சொன்னால் பதுக்குவார்கள், ஓட்டையைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். ஓட்டையை அடைக்கும்போது முன்னால் சொல்லத் தேவையில்லை. அடைத்த அன்றே, என்ன அடைத்தோம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த வாதத்தை விற்பனைக்கு நீட்டாதீர்கள். 2005 நவம்பர் 1 அன்று ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் கேமுக்குப் புதிய விரிவாக்கம் காசுக்கு விற்றார்கள். அதே மாதம் 15ஆம் தேதி கேமின் அடிப்படையையே மாற்றி, முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகக் குறைத்தார்கள். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தார்கள். நம்பிக்கை திரும்பவில்லை. ஒரு பொருளை மாற்றப்போகிறோம் என்று அலுவலகத்துக்குள் முடிவான நிமிடமே அதன் விற்பனையை நிறுத்த வேண்டும். அறிவிப்பு பத்து நாள் கழித்து வரட்டும். இடைப்பட்ட நாளில் தெரிந்தே விற்ற ஒவ்வொன்றும் நம் கணக்கில் ஏறும்.

அடுத்த இதழில் இதற்காகச் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் கேமில் கடைசியாகச் செய்த பெரிய மாற்றத்தின் அறிவிப்பு வாசகம், அது வெளியான நாள், மாற்றம் அமலான நாள், அதற்கு இடையில் ஒருமுறைகூட உள்ளே வராத ஆட்டக்காரருக்கு என்ன நடந்தது, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். கேமின் பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.