தகட்டின் வேகம், பொறியின் வேகம்
பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களில் இரும்புக் குழாயையும் ஆங்கிளையும் துண்டாக்கும் 14 அங்குல வெட்டுப்பொறி, உராய்வுத் துகளைப் பிசினால் இறுக்கிய வட்டைச் சுழற்றி, தீப்பொறி சிதற உலோகத்தைத் தேய்த்தே அறுக்கிறது. கோபால்ட்டால் பிணைக்கப்பட்ட கடினப் பொருளான டங்ஸ்டன் கார்பைடைப் பல்முனைகளில் பதித்த எஃகுத் தகடோ உலோகத்தைச் சீவி எடுப்பதால், வெப்பத்தின் பெரும்பகுதி சீவலோடு வெளியேறி, வெட்டுமுகம் சூடேறாமல் நிற்கிறது. இதுவே மேலான முறை. ஆயினும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்றுகளுக்கென அமைந்த அத்தகட்டை, 3,800 சுற்றுகளில் ஓடும் பழைய பொறியில் மாட்டுவது, பல் தெறித்துக் கண்ணையோ உயிரையோ பறிக்கக்கூடிய குற்றம். சாணைப்பொறியருகே பாதுகாப்பான உச்ச வேகத்தை எழுதி வைக்குமாறு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 30ஆவது பிரிவே விதித்திருந்தது. தகட்டில் பொறித்த சுற்றெண்ணைப் பொறியின் சுற்றெண்ணோடு ஒப்பிட்ட பின்னரே உரிமையாளர்கள் அதைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.