திரைப்படம் பேசினால் பிள்ளை கெட்டுவிடுமா?



வகுப்பில் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்று நம்மில் சிலர் முடிவுகட்டி வைத்திருக்கின்றனர். வீட்டில் மட்டும் குடும்பத்தோடு இரவு வரை படம் ஓடும்! இஃது என்ன நியாயம்?

மார்க் கெர்மோட், சைமன் மேயோ ஆகியோரின் ஆங்கிலத் திரை வலையொலியை விடாமல் கேட்பவன் நான். 2001இல் பிபிசி வானொலியில் தொடங்கிய அவர்களின் உரையாடல், 2022 முதல் தனி வலையொலியாகத் தொடர்கிறது. கெர்மோடின் தீர்ப்புகள் பலவற்றை நான் ஏற்பதில்லை. ஆயினும், அவரை மறுத்தெழுதும் நேயர்களின் கடிதங்களும் அங்கே வாசிக்கப்படுகின்றன. பிடித்தது என்றால் போதாது, காரணம் வேண்டும். நம் கட்டுரைப் பாடம் கேட்பதும் அதைத்தானே?

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்', மறு ஆண்டே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. "ஆசிரியரை இழிவுபடுத்தும் படம்" என்று ஒருவர் என்னிடம் சீறினார். தோட்டத்தை விட்டுப் புறம்போக்கு நிலத்தில் ஒண்டியவர்களின் பிள்ளை அப்போய், கற்பனை மிக்கவன். வீட்டிலும் பள்ளியிலும் அவன் கண்டது கண்டிப்பே. குண்டர் கும்பல் அவனை ஈர்த்ததில் வியப்பென்ன? மாதிரிக் கட்டுரையிலிருந்து விலகி எழுதிய மாணவனின் தாளில் சிவப்புக் கோடு இழுத்தவர்களுள் நானும் ஒருவன். படம் என்னையும் சுட்டது. அதற்காக அதை இகழ்வேனா?

என் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: "கதாநாயகனுக்குக் கோபம் வரணும்னுதான் தங்கச்சிய சாகடிக்கிறாங்க, ஐயா."

அன்று கருத்துணர்தல் பயிற்சித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.