பிராஜெக்ட் செய்து தரப்படும்

நேற்று திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஓய்வூதியப் புத்தகத்தை நகல் எடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, கூடவே ஒன்பதாம் வகுப்புப் பையன்.

"அண்ணா, பயாலஜி பிராஜெக்ட் ஒண்ணு வேணும். நாளைக்கு வைக்கணுமாம்."

கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இதயமா, செல்லா, டி.என்.ஏ.வா?"

பையன் வாயே திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: "எது கம்மியோ அது."

ஐந்து நிமிடம். கலர் பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், முகப்பில் பையனுடைய பெயர். முடிந்தது உயிரியல்.

கடைக்காரரை நான் திட்ட மாட்டேன். அவர் பிழைப்பு அது. அந்த அம்மாவையும் திட்ட மாட்டேன். கூலி வேலை முடிந்து ஓடி வந்தவர் போலிருந்தார். நான் திட்ட வந்தது என்னையும் என்னைப் போன்ற வாத்தியார்களையும்தான். ஆசிரிய நண்பர்கள் கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

நான் பெரிய படிப்பு படித்தவனில்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, இந்த விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி, இங்கேயே ஓய்வு பெற்றேன். எம்.எஸ்சி. படித்தவர்கள் "உங்களுக்கு எதுக்கு சார் ஆராய்ச்சி எல்லாம்?" என்று சிரித்ததும் உண்டு. இருந்தாலும் பல வருடம் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியராகப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். 1993-இல் தொடங்கியது அந்த மாநாடு. விழுப்புரம் தனி மாவட்டம் ஆனதும் அதே 1993-இல்தான். தமிழ்நாட்டில் அதைக் கிராமத்துப் பள்ளிகள் வரைக்கும் கொண்டு வந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள், தங்கள் ஊரில் தங்கள் கண்ணுக்குப் படும் ஒரு சிக்கலை எடுத்து, தாங்களே ஆராய்ந்து, தாங்களே எழுதி, தாங்களே பேச வேண்டும். அதுதான் அதன் உயிர்.

அந்த உயிரை எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு வருடம் மண்புழு உரம் பற்றிய ஆய்வு. தேதி நெருங்கிவிட்டது, மேலிடத்திலிருந்து "பேர் குடுத்தாச்சா" என்று நெருக்கடி. நானே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். அட்டவணையில் எண்களை நானே நிரப்பினேன். ஓவிய ஆசிரியர் சார்ட் வரைந்தார். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மாவட்டத்தில் தேர்வாகி அடுத்த கட்டமும் போனோம். அங்கே ஒரு நடுவர் குழுத்தலைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "மண்புழுவை எங்கேருந்தும்மா எடுத்தீங்க?"

அந்தப் பெண் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். அந்தப் பார்வையில் என் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது. அவள் கையில் ஒரு மண்புழு கூடப் பட்டதில்லை. பொய்க்குத் துணை போகச் சொல்லி ஒரு குழந்தையை மேடையில் நிறுத்தியிருந்தேன். சான்றிதழ் வந்தது. பள்ளியில் பாராட்டு விழா கூட நடந்தது. இன்றைக்கும் அந்தப் போட்டோவை நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் வேர்முடிச்சுப் பாடம். மல்லாட்டைச் செடி நம் ஊருக்குப் புதிதா? திண்டிவனம் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையத்தில் வந்த ரகங்களைத்தான் நம் தாத்தாக்கள் டி.எம்.வி. ரெண்டு, டி.எம்.வி. ஏழு என்று சொல்லி விதைத்தார்கள். டி.எம்.வி. என்ற எழுத்தே திண்டிவனம்தான். வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சேர்த்துத் தருகிறது என்று நடத்திக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"சார், முடிச்சே உரம் குடுக்குதுன்னா எங்கப்பா ஏன் சார் யூரியா வாங்குறாரு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நீயே பாரு" என்றேன். ஓர் ஆசிரியராக நான் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஆடிப்பட்டத்து மல்லாட்டை பூத்து விழுது இறங்கும் நேரம். யூரியா போட்ட கொல்லையில் பத்துச் செடி, போடாத கொல்லையில் பத்துச் செடி. பிஞ்சு பிடிக்கிற செடியைப் பிடுங்குகிறார்களே என்று ஒரு தாத்தா கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அவரைச் சமாதானப்படுத்தியதும் பிள்ளைகள்தான். செடியை இழுக்காமல் மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசி, ஒவ்வொரு முடிச்சாக எண்ணினார்கள். சில முடிச்சுகளை பிளேடால் வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிற முடிச்சு. லெக்ஹீமோகுளோபின் என்ற பொருள் தரும் நிறம் அது. "சார், செடிக்கும் ரத்தமா?" என்று ஒருத்தி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

உரம் போட்ட செடியில்தான் முடிச்சு அதிகம் இருக்கும் என்று ஐந்து பேரும் முன்கூட்டியே நோட்டில் எழுதியிருந்தார்கள். எண்ணினால் தலைகீழ். யூரியா போட்ட கொல்லையில் பாதி கூட இல்லை. மறுநாள் காலை நோட்டோடு வந்து நின்றார்கள்.

"சார், தப்பா வந்திருச்சு. மாத்தி எழுதிடலாமா?"

நண்பர்களே, உயிரியல் கல்வி முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. "சரி, மாத்திடு" என்று வாத்தியார் சொன்னால் அந்தக் குழந்தை தன் கண்ணை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. மாற்ற வேண்டாம் என்றேன். ஏன் அப்படி வந்தது என்று யோசிக்கச் சொன்னேன். மண்ணிலேயே நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். சோறு இலையில் வந்து விழும்போது சமையல்காரனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? மூன்று நாள் பேசிப் பேசி அவர்களே அந்த இடத்துக்கு வந்தார்கள். அதோடு இன்னொருவன், "சார், அது செம்மண்ணு, இது மணக்கொல்லை. மண்ணாலயும் மாறியிருக்கலாம்ல?" என்றான். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

போட்டியில் தேர்வாகவில்லை. நடுவர் ஒருவர், "இது ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தானே, இதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்குத் தேர்வானவற்றில் ஒன்று, தெர்மாகோலில் விளக்கெரியும் மாடல்.

"புதுசா என்ன" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உலகத்துக்குத் தெரிந்தது வேறு, அந்தப் பையனுக்குத் தெரிந்தது வேறு. புதிதுதான் வேண்டும் என்றாலும் குழந்தைகளால் அதுவும் முடியும். இங்கிலாந்தில் பிளாக்கவ்டன் என்ற கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 8 முதல் 10 வயதுள்ள 25 பிள்ளைகள், வண்டுத்தேனீக்கள் எந்த நிறத்தில், எந்த வரிசையில் இருக்கும் பூவைத் தேடிப் போகின்றன என்று சோதித்தார்கள். 2010-இல் ராயல் சொசைட்டியின் 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழ் அதை வெளியிட்டது. படங்களைக் கலர் பென்சிலில் பிள்ளைகளே வரைந்திருந்தார்கள். கூட இருந்த விஞ்ஞானி அவர்களுக்கான கேள்வியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. அதுதான் விஷயம்.

நேரமில்லை என்பீர்கள். எமிஸ் பதிவு, தேர்வு, நீட், ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகள். எல்லாம் உண்மை, நானும் அதில் கிடந்து உழன்றவன்தான். நாற்பது பேரையும் ஆராய்ச்சியாளராக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்கிற ஐந்து பேரைச் சனிக்கிழமை காலையில் ஒரு கொல்லைக்குக் கூட்டிப் போங்கள். ஆய்வகம் இல்லை என்பீர்கள். மரக்காணம் பக்கம் 5,000 ஹெக்டேருக்கு மேல் கழுவேலி கிடக்கிறதே, 2021-இல் பறவைகள் சரணாலயமாகவே அறிவித்தாயிற்றே. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. உங்கள் ஊர் ஏரியில் எத்தனை நத்தைகுத்தி நாரை என்று எண்ண என்ன கருவி வேண்டும்? இரண்டு கண், ஒரு நோட்டு.

வழிகாட்டும் ஆசிரியருக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கேள்வி பிள்ளையுடையதாக இருக்கட்டும். என்ன வரும் என்று நினைக்கிறாய் என்பதை முதலிலேயே எழுத வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை எல்லாம் ஒரே மாதிரி வைக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு செடியைப் பார்த்து முடிவு கட்ட விடாதீர்கள். நோட்டு அழுக்காக இருந்தால் சந்தோஷப்படுங்கள். எண்களில் மட்டும் உங்கள் கை படக் கூடாது.

நடுவர்களே, பைண்டிங்கைப் பார்க்காதீர்கள். "எங்கே தப்பு வந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தானே செய்த பிள்ளை பத்து நிமிடம் பேசும். மற்றது வாத்தியார் முகத்தைப் பார்க்கும்.

கல்வித் துறைக்கு: பிராஜெக்டுக்கு மதிப்பெண் போடும்போது அழகுக்குப் போடுகிற வரை ஜெராக்ஸ் கடைதான் நம் உயிரியல் ஆசிரியர். இனி அந்தக் கடை கூட வேண்டாம். கைப்பேசியே அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். ஆனால் எந்தக் கைப்பேசியும் மல்லாட்டைச் செடியைத் தோண்டி வேரை அலசாது.

அந்த ஐந்து பேர் கதைக்கு முடிவு சொல்லவில்லையே. போட்டியெல்லாம் முடிந்த பிறகு மார்கழிப் பட்டத்தில் அந்தப் பையன் அப்பாவிடம் கெஞ்சி, ஒரே கொல்லையில் இரண்டு பாத்தி வாங்கினான். ஒரே மண், ஒரே விதை, ஒரே தண்ணீர். ஒன்றில் யூரியா, ஒன்றில் இல்லை. யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் ஓடி வந்து சொன்னான்:

"சார், மண்ணு இல்ல சார். யூரியாதான்."

என் முப்பது சொச்ச வருட வேலையில் எனக்குக் கிடைத்த விருது அதுதான்.

நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை பிராஜெக்ட் என்று வந்து நின்றால், கடைக்குக் கூட்டிப் போகும் முன் ஒரு தடவை கேளுங்கள்: "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?"