மேய்க்கால் நிலம் யார் சொத்து? முப்பது வருசக் குத்தகை யாரைக் கேட்டு?

 

நம் ஊராட்சிக்கு வடக்கே கிடக்கும் 140 ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கை வகைப்பாடு மாற்றி, ஒரு சோலார் கம்பெனிக்கு 30 வருசக் குத்தகைக்கு விட ஃபைல் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்டோரா போடவில்லை. கிராம சபையில் ஒரு வார்த்தை பேசவில்லை. சர்வேயர் வந்து கல் நட்டபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்து வந்து சொன்னதால்தான் நமக்கே தெரியும். விவரம் கேட்கச் சங்கத்திலிருந்து ஐந்து பேர் ஆபீசுக்குப் போனோம். கிடைத்த பதில் இதுதான்: "அது கவர்மெண்ட் இடம். உங்க பட்டா நிலத்தையா எடுக்குறாங்க? உங்களுக்கென்ன நட்டம்?"

நமக்கென்ன நட்டம்! இந்தக் கேள்விக்குத்தான் இந்தத் துண்டறிக்கை.

முதலில், அது யார் இடம் என்று பார்ப்போம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதில் 134-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை, அவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு என்று அதில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு புறம்போக்கை விலக்க வேண்டுமானால் கலெக்டர் ஊராட்சியைக் கலந்தாலோசித்து அறிவிக்கை போட வேண்டும். 'கலந்தாலோசித்து' என்றால் தீர்மான நோட்டில் பின்தேதி போட்டு ஒரு வரி எழுதிக்கொள்வது என்று அர்த்தம் கிடையாது. 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, கிராம சபை என்பது ஊரில் ஓட்டு உள்ள நாம் எல்லோரும்தான். நம்மைக் கேட்காமல் நம் மந்தையைப் பேச எவருக்கும் உரிமை இல்லை.

சர்க்கார் இந்த நிலத்துக்குக் காவல்காரன். காவல்காரன் தோட்டத்தை வாடகைக்கு விட்டால் அதற்கு என்ன பெயர்?

இப்போது நட்டக் கணக்குக்கு வருவோம். நம் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் சோளம், கொள்ளு. பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த நிலத்தை மட்டும் நம்பினால் எப்போதோ திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருப்போம். போகாமல் ஊரில் நிற்க வைப்பது பத்துப் பதினைந்து ஆடும் ஒரு மாடும்தான். சித்திரை வைகாசியில் காட்டில் ஒரு பச்சை இருக்காது. அப்போது மேய்க்காலில் நிற்கும் வெள்வேல மரத்தின் காய் உதிரும். அதைப் பொறுக்கித் தின்றுதான் ஆடு உயிர் பிழைக்கும். ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் தழைந்துவிட்டால் தை வரைக்கும் தீவனச் செலவே கிடையாது. ஆட்டுப் புழுக்கை நம் பட்டா நிலத்துக்கு எரு. குட்டி விற்ற காசு பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ், ஆத்தாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. நம் இரண்டு ஏக்கர் பட்டா பண்ணயமாக நிற்பதே பக்கத்தில் மேய்க்கால் இருப்பதால்தான். மேய்க்காலுக்குக் கம்பி வேலி போட்ட மறு வருசமே ஆடு சந்தைக்குப் போகும். அதற்கடுத்த வருசம் நிலம் புரோக்கர் கைக்குப் போகும். பட்டாவைத் தொடாமலே பட்டாவைப் பிடுங்கும் வழி இது.

மாநிலக் கணக்கையும் பாருங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடு சுமார் 95 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி சுமார் 45 லட்சம். நிரந்தர மேய்ச்சல் தரை என்று கணக்கில் இருப்பது சுமார் 1.1 லட்சம் ஹெக்டேர். மாநிலப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரு ஹெக்டேருக்கு இருநூறு உருப்படிக்கு மேல்! எல்லாமே மேய்க்காலில் மேய்வதில்லை, சரி. ஆனாலும் இதிலும் கை வைத்தால் எங்கே போவது? காட்டுக்கா? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனத்துக்குள் மேய்ச்சலே கூடாது என்று தடை போட்டது. பிறகு அந்த மாதமே அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும் என்று குறைத்தது. 2006-ம் வருச வன உரிமைச் சட்டம் வனத்தைச் சார்ந்து வாழ்பவர்களின் மேய்ச்சல் உரிமையை எழுத்தில் தந்திருக்கிறது. எழுத்தில் இருப்பது தரையில் கிடைக்காமல் மலைமாட்டுக்காரர்கள் படுகிற பாடு நமக்குத் தெரியும்.

இங்கேதான் சூட்சுமம். நம் பட்டா நிலத்தை எடுக்க வந்தால் 2013-ம் வருச நிலம் கையகப்படுத்தும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் நிலம் இல்லாத கூலிக்காரரும், குத்தகைக்காரரும், வாரத்துக்கு உழுபவரும்கூட மூன்று வருசம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருந்தால் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'. நோட்டீஸ் உண்டு, இழப்பீடு உண்டு. தமிழ்நாட்டு சிப்காட் சட்டம் அதையெல்லாம் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது என்பது தனிக்கதை. ஆனால் மேய்க்காலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டால் எந்தக் கையகப்படுத்தும் சட்டமும் வராது. 'அரசு நிலத்தை அரசு கொடுக்கிறது, அவ்வளவுதானே!' இழப்பீடு பூஜ்யம். விசாரணை பூஜ்யம். நாற்பது வருசமாய் அங்கே ஆடு மேய்த்த விதவைத் தாய்க்கு ஒரு காகிதம்கூட வராது. அதனால்தான் எல்லாக் கம்பெனிக் கண்ணும் புறம்போக்கு மேல் இருக்கிறது.

"அது வெறும் தரிசுங்க, சீமைக்கருவேல முள்ளுதான் கிடக்கு" என்கிறார்கள். முள்ளை யார் அங்கே வளரவிட்டது? அதை வெட்டச் சொல்லி நாம் கொடுத்த மனுக்கள் எத்தனை? முள்ளை வெட்டி, மழைநீர் தேக்கி, புல் விதைத்தால் இரண்டே மழையில் தரை திரும்பிவிடும். அதற்குப் பணமில்லை என்றவர்கள், கம்பெனிக்கு ரோடு போட மட்டும் அளந்துகொண்டிருக்கிறார்கள். இன்னொன்று. மேய்க்காலை வேறு வேலைக்கு எடுத்தால் அதே அளவு மாற்று நிலம் காட்டி மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்பது வருவாய்த்துறையே வைத்திருக்கும் நடைமுறை. நம் ஃபைலில் மாற்று நிலம் எந்தச் சர்வே நம்பர்? காட்டட்டும், நாமும் ஆடுகளோடு போய்ப் பார்க்கிறோம். பாறைமேல் காட்டிவிட்டுக் கணக்கு முடித்தேன் என்றால் விடமாட்டோம்.

சூரிய மின்சாரம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் கிணற்று மோட்டாருக்கும் கரண்ட் வேண்டும். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம் பாவகடாவைப் பாருங்கள். சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா. விவசாயிகள் நிலத்தை விற்கவில்லை. ஏக்கருக்கு வருசம் 21,000 ரூபாய், இரண்டு வருசத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடுதல் என்று குத்தகைக்குக் கொடுத்தார்கள். பட்டா உள்ளவருக்கு, அதிலும் பெரும் பட்டாக்காரருக்கு, வறட்சியில் அது நல்ல காசுதான், மறைப்பானேன். நிலமே இல்லாமல் அந்தக் காடுகளில் செம்மறி மேய்த்தவருக்கு என்ன குத்தகை வந்தது? கூலிக்குக் களை எடுத்தவருக்கு? அங்கே பட்டாக்காரருக்காவது பணம் வந்தது. இங்கே நம் மேய்க்காலில் வரும் குத்தகைப் பணம் கஜானாவுக்குப் போகும். ஊருக்கு வருவது கம்பி வேலி மட்டும்.

அடுத்து, நமக்குள்ளேயே பேச வேண்டிய விசயம். 2011 ஜனவரி 28-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு ஊர்க் குளத்தை மூடி வீடு கட்டிய வழக்கு அது. ஊர்ப் பொதுநிலத்தில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது. நமக்கு ஆயுதம் போன்ற தீர்ப்பு. ஆனால் அதிகாரிகள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? மேய்க்கால் ஓரத்தில் ஒரு ஏக்கர் உழுது, வருசா வருசம் பி மெமோ கட்டி வரும் ஏழைக்குத் தீர்ப்பைக் காட்டி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஆக்கிரமிப்பு போனதும் அதே இடத்தைக் கம்பெனிக்கு அளக்கிறார்கள். 'ஊருக்குத் திருப்பிக் கொடு' என்ற பாதித் தீர்ப்பு எங்கே போச்சு?

அதே தீர்ப்பில் விலக்கும் இருக்கிறது. நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசு அறிவிக்கைப்படி குத்தகை கொடுத்திருந்தாலோ, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற பொதுக் கட்டடம் அங்கே இருந்தாலோ முறைப்படுத்தலாம். ஆகவே சங்கத்தின் நிலை இது: குடிசை போட்ட நிலமற்ற குடும்பத்தைத் தொடக்கூடாது, தொட்டால் மாற்று இடமும் பட்டாவும் கொடுத்துவிட்டுத் தொடு. பத்து ஏக்கர் பட்டா வைத்துக்கொண்டு மேய்க்காலிலும் நாலு ஏக்கர் வளைத்திருப்பவர்கள், அவர்கள் நம் சங்கத்து அண்ணன்மாராக இருந்தாலும், வேலியை எடுத்துவிட்டு வந்து நம்மோடு நிற்க வேண்டும். அவர்கள் வேலியைக் காட்டித்தான் கம்பெனிக்காரன் தன் வேலியை நியாயம் பேசுகிறான். பி மெமோ கட்டிய ரசீது சொந்தம் ஆகாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் 1905-ம் வருச நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில்கூட நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கித்தான் அப்புறப்படுத்த முடியும். ராத்திரியில் ஜேசிபி கொண்டுவர எந்தச் சட்டமும் இல்லை.

பட்டா உள்ளவர்கள் நிம்மதியாக உட்கார வேண்டாம். சொத்துரிமை 1978-ல் 44-வது திருத்தத்தோடு அடிப்படை உரிமையிலிருந்து போய்விட்டது. இப்போது இருப்பது 300ஏ பிரிவு: சட்டப்படி அல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், காரணம் எழுதிய உத்தரவு வேண்டும், பொதுக்காரியமாக இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் உங்கள் நிலம் ரெக்கார்டில் உங்கள் பெயரில் இருந்தால்தானே இதெல்லாம்? 1980-களில் யு.டி.ஆர். நடந்தபோது எத்தனையோ பேருடைய பட்டா நிலம் சர்க்கார் புறம்போக்கு என்று ஏறிப்போனது. கல் நட்டிருக்கும் எல்லைக்குள் அப்படி ஒரு சப்டிவிஷன் உங்களுடையது இருந்தால் கம்பெனி வந்த பிறகு அழுது பயனில்லை. இந்த வாரமே சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எடுத்துப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். வண்டிப்பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதை இல்லாத காட்டுக்குப் பட்டா இருந்து என்ன?

ஒரு எச்சரிக்கை. புரோக்கர்கள் சிலர் மேய்க்காலை ஒட்டிய பட்டாக்காரர்களிடம் "குத்தகை ஒப்பந்தம்" என்று ஸ்டாம்ப் பேப்பரோடு அலைகிறார்கள். ஒரு வருசத்துக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும், வெற்றுத் தாளில் போடும் கையெழுத்து உங்கள் கையைத்தான் கட்டும். உள்குத்தகை விடலாமா, உங்கள் நிலத்தைக் காட்டி பேங்கில் கடன் வாங்கலாமா, 30 வருசம் கழித்து கான்கிரீட் அடித்தளத்தை யார் பெயர்ப்பது, குத்தகை நின்றால் யாரிடம் கேட்பது? இதற்கெல்லாம் தமிழில் பதில் எழுதாத ஒப்பந்தத்தில் கை வைக்காதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், வக்கீலிடம் காட்டிப் படித்துச் சொல்கிறோம். காசு வேண்டாம்.

நம் கோரிக்கை: வகைப்பாடு மாற்ற ஃபைலை நிறுத்து. நட்ட கல்லைப் பிடுங்கு. முள்ளை வெட்டி மேய்க்காலை ஊராட்சி மூலம் சீர்செய். சோலார் வேண்டுமென்றால் ஊரைக் கூட்டி, வரைபடத்தை விரித்து வைத்துப் பேசு.

ஃபைலின் நகல் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 2005-ம் வருச தகவல் உரிமைச் சட்டத்தில் நூறு பேர் மனுப் போடுகிறோம். பாரம் சங்க ஆபீசில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அடுத்த கிராம சபையில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும், குறிப்பாகப் பெண்கள். தீர்மானத்தை நாமே எழுதிக்கொண்டு போகிறோம். அது நோட்டில் ஏறி, கீழே கோடு அடித்து முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது. எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தாலுகா ஆபீஸ் முன்பு ஆடுகளோடு தர்ணா. காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கோவில் மைதானத்திலிருந்து புறப்படுகிறோம். ஆட்டுக்குத் தழை, குடிக்கத் தண்ணீர், மதியச் சோறு கையோடு கொண்டு வரவும். பி மெமோ ரசீது வைத்திருப்பவர்கள் ஜெராக்ஸ் இரண்டு எடுத்து வரவும். பெரிய கிடாயைக் கயிற்றில் பிடித்து வாருங்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டம் அதிகம்.